சுண்ணாம்புக்கல் லாரியும் வெள்ளைச் சட்டையும்

2003, மாசி. செவ்வாய் ராத்திரி.

இதெல்லாம் வரும்னு நான் அப்பவே சொன்னேன். சுண்ணாம்புக்கல் லாரி இந்த ரோட்டில் ஓட ஆரம்பித்த அன்றே, புள்ளைங்களுக்கு மூச்சு முட்டும் என்றேன். யார் கேட்டார்கள்? இப்போது தங்கச்சி மகள் செல்வியின் பையனுக்கு வீசிங். தூசிதான் காரணம் என்று அரியலூர் டாக்டரும் சொல்லிவிட்டார்.

இன்று காலை நான் ரோட்டில் இறங்கிக் கையை நீட்டினேன். லாரி நின்றது. செல்வி கொடியில் காய்ந்த பையனின் வெள்ளைச் சட்டையை உருவி டிரைவரிடம் நீட்டினாள். சாம்பலாய் இருந்தது.

"இதத் துவைச்சுக் குடுத்துட்டுப் போங்கண்ணே."

டிரைவர் சிரித்தார். "சிமெண்ட் ஏத்தினாத்தாம்மா தார்ப்பாய் போடுவோம். கல்லு மழையில கரையாது."

"கல்லு கரையாது. எம் புள்ள கரையுறானே."

அவர் மேலே ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். பின்னால் கீழப்பழுவூர் வரைக்கும் வரிசையாக நின்ற லாரிக்காரர்களும் கட்டினார்கள். கலெக்டர் சொல்லியிருந்தாலும் இத்தனை சுருக்கில் நடக்காது. அவள் நெஞ்சுரம் யாருக்கு வரும்?

நான்தான் லாரியை நிறுத்தினேன் என்று டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லியாச்சு. ஆனால் கை நீட்டியது நான் இல்லை. அதுவும் அவள்தான். நான் வூட்டுக்குள் ஜன்னலோரம், பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். அவன் நெஞ்சு இரைவது இன்னும் என் காதில் கேட்கிறது.