அ முதல் ன வரை

ஜூன் 3, செவ்வாய்

ஏழு மணிக்கே வெயில். பால் திரிந்துவிட்டது. கறுப்புக் காப்பி.

பூசை முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் கல்லறைப் பட்டியல். விண்ணப்பித்த குடும்பங்களின் கல்லறைகள் மட்டும் இருக்கும். மற்றவற்றைத் தோண்டி, புதிதாக இறப்பவர்களுக்குக் கொடுப்பார்களாம். என் வீட்டுக்காரர் மை. பெயர் இல்லை. கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தேன். இல்லை.

என் கணவர் பதினோரு வருஷமாக அங்கே இருக்கிறார். பக்கத்தில் எனக்கு இடம் விட்டுத்தான் கட்டியது.

மே மாதமே ஃபோனில் விண்ணப்பம் போட்டாயிற்று. அவர்கள் சொன்னபடி தமிழில், பெயர் முதலில், இனிஷியல் பிறகு. பெற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்தது. கமிட்டிச் செயலாளர் இருதயராஜிடம் காட்டினேன்.

"அது மெஷின் தானா அனுப்புறது மேடம். எங்களுக்கு ஃபாரம் வரல."

"வராத ஃபாரத்துக்கு வந்துச்சுன்னு எப்படி பதில் வரும்?"

"நீங்க எங்கயாவது தப்பா அடிச்சிருப்பீங்க."

நான்! தோல் கம்பெனி ஆபீசில் இருபத்தாறு வருஷம் டெலக்ஸ் அடித்தவள். என்னிடம் இதைச் சொல்ல அந்த மனிதருக்கு வாய் கூசவில்லை.

கேஸ் புக் செய்ய மறந்தேன்.

ஜூன் 4, புதன்

மறுபடி விண்ணப்பம். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து அனுப்பினேன். மாலை புதுப் பட்டியல். மை. இல்லை.

நேரே ஃபாதரிடம். அவர் சின்ன வயசு, பாவம், எழுந்து நின்றுவிட்டார். பட்டியலின் அடியில் பேனாவால் 'மைக்கேல்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். வாசலில் ரோஸி. ஷூ கம்பெனியில் தையல் வேலை. அவள் அப்பா ராயப்பன், மை. மேனேஜராக இருந்த தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர்.

"நானும் மூணு தடவ போட்டேன் ஃபாதர். அப்பா பேரு வரவே மாட்டேங்குது."

இருதயராஜ் முந்திக்கொண்டார். "ஒழுங்கா ஃபில்லப் பண்ணும்மா. பிரவுசிங் சென்டர்ல இன்னாத்தயாவது அடிச்சுக் குடுத்திருப்பான்."

நான் அவளைத் தாண்டி வெளியே வந்தேன். ஆட்டோ காத்திருந்தது.

காரியம் முடிந்தது. நிம்மதி.

ஜூன் 6, வெள்ளி

கரண்ட் இல்லை, பத்திலிருந்து இரண்டு வரை. முழங்கால் வலி.

கோயிலில் பட்டியலை மறுபடி அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். பேனா எழுத்து விடுபட்டுவிட்டதோ என்று பார்க்கப் போனேன். இருக்கிறது. அப்போதுதான் முழுப் பட்டியலையும் மேலிருந்து கீழே படித்தேன்.

அந்தோணிகள் கூட்டம் கூட்டமாக. ஆரோக்கியம், சூசை, ஞானப்பிரகாசம், தெரேசா. நேசமணியோடு பட்டியல் தீர்ந்துவிட்டது. அதற்குக் கீழே, ஃபாதர் மறுபடி பேனாவில் எழுதிய என் வீட்டுக்காரர்.

பேதுரு இல்லை. பிலோமினா இல்லை. ராயப்பன் இல்லை. வின்சென்ட் இல்லை. ஒரு மரியம்மாள்கூட இல்லை! மாதா கோயில் கல்லறையில் மரி என்று ஒருவர் இல்லையாம். கமிட்டியில் ஏழு பேர். ஒருவருக்கும் கண் இல்லையா?

ஒவ்வொரு குடும்பமாகப் போய்க் கேட்டிருக்கிறது. ஒவ்வொருவரிடமும் தப்பு உன்னுடையது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எல்லோரும் தலையைக் குனிந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

இருதயராஜுக்கு ஃபோன். எடுக்கவில்லை. நான்கு முறை.

ஜூன் 7, சனி

காலை எட்டுக்கு வில்சன் வீடு. ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவர், நாற்பத்தைந்து வயது. கமிட்டிக்காகப் பட்டியல் தயாரித்தது இவர்தான். லுங்கியோடு வந்து உட்கார்ந்தார்.

"ஜனங்க கண்டதையும் அனுப்புறாங்க மேடம். ஒருத்தரு வெறும் புள்ளி, ஒருத்தரு பூ படம், ஒருத்தரு கதவு நம்பர். அதான், முதல் எழுத்து தமிழா இருந்தா மட்டும் எடுத்துக்கோ, மத்தத தூக்கிப் போடுன்னு மெஷினுக்கு ஒரு விதி எழுதினேன்."

"எப்படி எழுதினீங்க?"

"மெஷின்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர். அ 2949. ன 2985. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது எல்லாம் செல்லும். ஸ்கூல்ல படிச்சதுதானே, அ-வுல ஆரம்பிச்சு ன-வுல முடியுது."

"ப என்ன நம்பர்?"

தட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. 2986.

மெஷினில் ன கடைசி எழுத்து இல்லை. ந-வை அடுத்து உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் ப, ம, ர, வ எல்லாம். அத்தனை பேரும் குப்பையில், பூ படத்தோடு. டெலக்ஸ் காகித நாடாவிலும் எழுத்துக்கான துளைகள் ஏ, பி, சி வரிசையில் ஏறுவதில்லை. மெஷினுக்கு மெஷினின் வரிசை. அதோடு பிழைப்பு நடத்துகிறவர் ஒரு தடவை சரிபார்த்திருக்க வேண்டாமா?

"வ வரைக்கும் மாத்திடறேன் மேடம்."

"ஸ்தேவான் எங்க போவாரு? ஹெலன்?"

"ஐயோ. ஹ. 3001. போட்டுட்டேன்."

அச்சில் வந்து விழுந்தார்கள், வரிசையாக, மரியம்மாள்கள் மட்டும் ஒரு பக்கம் நிறைய. தாளை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கல்லறைக்கு. பத்தே கால்.

ராயப்பன் கல்லறையைத் திறந்துவிட்டார்கள். நேற்று இறந்த யாருக்கோ. எலும்புகள் ஒரு சிமெண்ட் சாக்கில், கருவிக் கொட்டகையின் மூலையில், மண்வெட்டிக்குப் பக்கத்தில்.

ஜூன் 8, ஞாயிறு

பூசையில் இருதயராஜ் மைக்கைப் பிடித்தார். "தொழில்நுட்பக் கோளாறு." கோளாறாம்! மெஷின் சொன்னதைச் செய்தது. மனிதர்கள் படிக்கவில்லை. முகத்துக்கு நேரே சொன்னேன். "பெரியவங்க, கோபப்படாதீங்க" என்று கைகூப்புகிறார். அறைந்திருப்பேன்.

வாசலில் ரோஸியை நானே நிறுத்தினேன். வருத்தம் சொன்னேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"உங்களுக்கு மெஷின் நம்பரெல்லாம் தெரியுது மேடம். புதன்கிழமையே கேட்டிருக்கலாம்ல? உங்க வீட்டு பேரு பேனாவுல ஏறுச்சு, நீங்க ஆட்டோ ஏறிட்டீங்க."

சாப்பிடவில்லை. புதன்கிழமைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'காரியம் முடிந்தது. நிம்மதி.' என் கையெழுத்து. கிழிக்க வேண்டும்போல இருந்தது. கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

ஜூன் 9, திங்கள்

ஷூ கம்பெனி கேட்டில் நின்றேன், ஷிப்ட் விடும் நேரம். இந்த வயசில். ரோஸி தோழிகளோடு வந்தாள்.

"மைக்கேல் சாருக்கு பக்கத்துல எனக்குன்னு விட்ட இடம் இருக்கு. உங்க அப்பாவ அங்க வை."

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"மேனேஜர் பக்கத்துலயா? அப்பாவுக்கு தூக்கமே வராது மேடம். அவரு ஒரு நாளாவது அப்பாவ பேரு சொல்லிக் கூப்ட்டிருக்காரா? டேய், டேய்தான்."

உண்மை. என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

"அப்புறம் நீங்க எங்க போவீங்க?"

"உங்க அப்பாவுக்கு மேல கொஞ்சம் மண்ணு இருக்கும். எனக்குப் போதும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பஸ் போய்விட்டது.

ஜூன் 10, செவ்வாய்

வானம் மூட்டம். மழை இல்லை.

வேலைக்குப் போகும் வழியில் வந்தாள், டிபன் பையோடு. உட்காரவில்லை. நிபந்தனை இரண்டு. சிமெண்ட் சாக்கு கூடாது, புதுத் துணி. பிறகு: "கல்லுல அப்பா பேரும் போடணும். உங்க வீட்டுக்காரர் பேரு இன்னா சைஸோ, அதே சைஸ்."

சரி என்றேன். சுலபமாக வரவில்லை அந்தச் சொல்.

மாலை ஐந்துக்குக் காரியம். ஃபாதர், வெட்டியான், ரோஸி, நான். இருதயராஜ் வந்தார். வெளியே நிற்கச் சொன்னேன். நின்றார்.

கல்வெட்டுகிறவரும் அளவெடுக்க வந்திருந்தார். இரண்டு பெயரையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இந்த ராயப்பன் உங்களுக்கு இன்னா வேணும்மா?" என்றார்.

ரோஸி என்னைப் பார்த்தாள். பெயரைச் சரியாக வெட்டுங்கள் என்றேன்.