இடர்ப்பாடுகளை எழுதச் சொன்ன அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை பூஜைக்கு உடுத்தலாமென்று வாயில் புடவையை எடுத்தேன். முந்தானையில் அந்த ஊதாக் கறை. உங்கள் சாயப் புட்டி கவிழ்ந்து பட்டது. எலுமிச்சை, சோடா மாவு, வெயில் எதற்கும் அசையவில்லை. நல்ல புடவை போயிற்றே என்று அன்றைக்கு முணுமுணுத்தேன். "கிருமிக்கே ஏறுற சாயம்மா, உன் பொடவைய வுடுமா?" என்று சிரித்தீர்கள். நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. உங்கள்மேல் எரிச்சல் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.

சுரங்க ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் சளியும் ரத்தமும் பார்த்து ஓய்வு பெற்றவர் நீங்கள். ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போவார்கள். நீங்களோ சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் ஸ்கெலட்டன் லைனில் வீடு வீடாக ஏறி, பி.எஸ்ஸி. முடித்துச் சும்மா இருந்த பெண்களைத் தேடினீர்கள். "சுரங்கத்த மூடப்போறாங்க. பெங்களூருல மருத்துவ ஆராய்ச்சிக்கூடமா தொறக்கறாங்க. நம்ம பொண்ணுங்களுக்குப் படிப்பு கீது, கைப்பழக்கம் இல்ல. அத்த நாம பழக்கி வுடலாம்" என்றீர்கள்.

நாமாம்! எட்டாவதோடு நின்று, பிள்ளைகளின் பழைய புத்தகங்களையும் ஒரு அகராதியையும் வைத்துக்கொண்டு தானாகப் படித்தவள் நான். கோயில் கணக்கைப் பிசகில்லாமல் எழுதுகிறேன் என்பதற்காக என்னையும் இழுத்துவிட்டீர்கள். பஜனைக் கூடம்தான் வகுப்பு. ஒன்பது பெண்கள், ஒரே ஒரு மைக்ராஸ்கோப். பெங்களூர் அறக்கட்டளை ஒன்று முதல் வருஷத்துக்குப் பணம் தந்தது. இரண்டாம் வருஷமும் தந்தால்தான் வகுப்பு நடக்கும்.

அந்த அறக்கட்டளையின் அதிகாரி ஆயுத பூஜைக்கு மறுநாள் வருவதாக இருந்தது. சுரங்கத்துக்குள் ஆளிறக்கும் கேஜ் கூண்டுக்கே சந்தனம் பூசிக் கற்பூரம் காட்டாமல் விடாத ஊர் இது. மைக்ராஸ்கோப்பை மட்டும் எப்படி விடுவது? அடியில் ஒரு பொட்டு, கழுத்தில் ஒன்று, ஸ்லைடைப் பார்க்கும் கீழ்க் கண்ணாடியில் ஒன்று, கண் வைக்கும் மேல் கண்ணாடியில் ஒன்று. அதுதானே அதற்கு நெற்றி! விடிந்து பார்த்தால் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் விபூதி போட்டு அழுத்தித் தேய்த்தேன். பளபளவென்றுதான் இருந்தது.

நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். திருகினீர்கள். மறுபடி பார்த்தீர்கள்.

"இன்னாம்மா இது, ஒரே மேகமா கீது?"

"சாமி தெரியறாரா பாருங்க, மேடம்" என்றாள் சாந்தி. நம் பெண்களிலேயே வாயாடி. மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எத்தப் போட்டும்மா தொடைச்ச?"

"விபூதிக்கா."

"விபூதியா! ஆத்து மணலப் போட்டுத் தேச்சிருந்தா இன்னும் பளபளன்னு வந்திருக்குமே."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதிகாரி வந்ததும், கடையில் வாங்கும்போதே பழுது என்று சமாளிப்பீர்கள் என்று நம்பினேன். நீங்களா சமாளிப்பீர்கள்? "பூஜை போட்டோம் சார், லென்ஸ் போயிடுச்சு. பொண்ணுங்க எழுதின நோட்டு கீது, அத்தப் பாருங்க" என்றீர்கள். அவர் நாலு பக்கம் புரட்டினார், டீ குடித்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கிளம்பினார்.

அதோடு விட்டீர்களா? ஆண்டறிக்கைப் படிவத்தில் 'இடர்ப்பாடுகள்' என்று ஒரு கட்டம். எல்லோரும் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற கட்டம் அது. நீங்கள் அதை நிரப்பி, போதாமல் தனித்தாள் ஒன்றையும் பின்னால் குத்தினீர்கள். லென்ஸ் போனது. இரண்டு பெண்கள் பாதியில் நின்றது. ரத்தத்தில் கலக்கும் நீரின் அளவை நீங்களே தப்பாகச் சொல்லிக் கொடுத்ததால் மூன்று வாரம் அணுக்களைத் தவறாக எண்ணியது. ஒன்று விடவில்லை.

"பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட நாமளே குறை சொல்லுவோமாக்கா?" என்று கத்தினேன்.

"தப்பா எண்ணினத எழுதலன்னா, சரியா எண்ணினத எவன்மா நம்புவான்?" என்றீர்கள்.

நம்பினார்களா? மார்கழியில் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உங்கள் காரியம் முடிந்த மறுநாள் தபால் வந்தது. இந்த ஆண்டு உதவ இயலவில்லை என்று இரண்டே வரி. கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். அப்புறம் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு அப்பாக்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க, மிச்சமுள்ள ஏழு பெண்களும் எந்த நம்பிக்கையில் வருகிறார்களோ, வருகிறார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் பழைய நோட்டை வைத்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

வேறொரு அறக்கட்டளையின் படிவம் கிடைத்தது. அகராதியைப் புரட்டிப் புரட்டி நேற்று நிரப்பினேன். அதிலும் அதே கட்டம். ஏழு பேரும் சுற்றி நின்றார்கள்.

"இல்லைன்னு போடுங்க ஆன்ட்டி. இந்தத் தபாவாச்சும் துட்டு வரட்டும்" என்றாள் சாந்தி. அவள் சொன்னது நியாயம்தான். அம்மனை நினைத்துக்கொண்டு 'இல்லை' என்றே எழுதினேன். எழுதிய கை அதன்மேலிருந்து நகரமாட்டேனென்றது. கோயில் கணக்கில் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. ஆனால் தப்பைத் தானாகப் போய்ச் சொல்லும் கிறுக்கு எனக்கு இருந்ததில்லை, அக்கா. அது உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. எழுதிய 'இல்லை'யைக் கோடு போட்டு அடித்தேன். "ஐயோ ஆன்ட்டி!" என்று சாந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பயிற்சி அளித்து வந்தவர் இறந்துவிட்டார் என்று முதல் வரி எழுதினேன். அவர் இடத்துக்கு இன்னும் ஒருவர் கிடைக்கவில்லை என்று அடுத்த வரி. அதற்குள் கட்டம் நிறைந்துவிட்டது. சாந்தியிடம் தனித்தாள் ஒன்று கேட்டேன்.