அம்மா வந்து உட்கார்ந்தபோது

அன்பு மகள் மலருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே பாசிர் கூடாங்கில் நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீ மெல்பர்ன் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

துக்கத்தில் இருப்பவர்களுக்காக உங்கள் குழு இணையத்தில் தொடங்கும் தமிழ்க் கூட்டத்தில் முதலில் நாங்கள் கலந்துகொண்டு குறை இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றாய். சனிக்கிழமை நாலு மணிக்கு நீ அனுப்பிய லிங்கைத் தட்டி உள்ளே போனேன். ஆறு பேர் இருந்தார்கள். அம்மா உட்கார மாட்டேன் என்று சமையலறை வாசலிலேயே நின்றாள். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும் வழியில் உன் தம்பி விபத்தில் போய் ஐந்து மாதமாகியும் அவள் அவன் பெயரை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை, உனக்கே தெரியும். பத்து பாகாட் ஊரிலிருந்து கஸ்தூரி என்ற பெண், "வீட்டுக்காரர் போயி வருசமாச்சு, இன்னும் ரெண்டு பேருக்குத்தான் கோப்பி கலக்குறேன் லா" என்று சிரித்தார், சிரித்தபடியே அழுதார். அடுத்து என் முறை. மகன் பெயர் என்ன ஐயா என்று நடத்துபவர் மெதுவாகத்தான் கேட்டார். நான் சிவப்புப் பொத்தானை அழுத்தி வெளியே வந்துவிட்டேன்.

அப்போதுதான் அம்மா வந்து, "புள்ள பேர சொல்லக்கூட உங்களால முடியலையா? தள்ளுங்க, நான் சொல்றேன், திரும்ப கூப்பிடுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் அந்த லிங்கைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். வெளியேறியவர்கள் மீண்டும் சேர முடியாது என்றே வந்தது. முடியை ஒதுக்கிக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே காத்திருந்தாள். பிறகு கறுத்துப்போன திரையைப் பார்த்து, "கவின். இருபத்தாறு வயசு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். பின்னால் நின்ற எனக்கு அவள் தோளைத் தொடக்கூடத் தெரியவில்லை. அடுத்த வாரம் உட்காருகிறாயா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டி மறுக்கிறாள்.

நீ கேட்ட குறை இதுதான் மலர். பயந்து வெளியே ஓடியவர்கள் திரும்பி வர ஒரு வழி வையுங்கள். இன்னொன்று, ஊருக்கெல்லாம் செய்கிறாய், நீயும் அவனுக்கு அக்காதானே, காரியம் முடிந்த மூன்றாம் நாளே விமானம் ஏறினாய், உன் துக்கத்தை அங்கே யார் கேட்கிறார்கள்? நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தெரியவில்லை.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துப் போ. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிடு. அவள் ஒன்றும் பேசவில்லை என்று போனை வைத்துவிடாதே, காதில்தான் வைத்திருக்கிறாள்.

உன் அப்பா,
சதாசிவம்