கட்டில் உயரத்துக்கு ஒரு மூட்டை

மார்ச் 4

ஜிம்மில் புது ஆள். ஓய்வுபெற்ற லாரி டிரைவர், அறுபதைத் தாண்டியவர். "எடை குறைக்கணுமா, தொப்பை குறைக்கணுமா?" என்று வழக்கமான பாட்டைப் பாடினேன்.

"என் வீட்டுக்காரியைத் தூக்கணும், கோச்சம்மா."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பக்கவாதத்தில் மனைவிக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு இவர்தான் மாற்ற வேண்டும். முடியவில்லை என்றால் அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போய்விடுவதாக மகள் சொல்லியிருக்கிறாள். மகள் இருப்பது வெளியூர். அந்த வீட்டில் இவருக்கு இடமில்லை. அதை அவர் சொல்லவில்லை. மருமகனைப் பற்றி வாயே திறக்காததிலிருந்து புரிந்துகொண்டேன்.

மார்ச் 6

எந்த வேலைக்கு உடம்பு வேண்டுமோ அந்த வேலையைத்தான் பழக்க வேண்டும். படித்த விதிகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். இவரை மெஷினில் உட்காரவைத்துக் கையை முறுக்கேற்றி என்ன புண்ணியம்? மரப்பெட்டிகளைக் கட்டில் உயரத்துக்கு அடுக்கி, மேலே மணல் மூட்டையை வைத்தேன். அணைத்துத் தூக்கி, பாதத்தைத் திருப்பி, நாற்காலியில் இறக்க வேண்டும்.

எல்லோரும் மூட்டையைப் பொத்தென்று போடுவார்கள். இவர் மெதுவாக இறக்கிவிட்டு, சாய்ந்துவிடாதபடி ஓரத்தில் லேசாகத் தட்டிச் சரிசெய்கிறார்.

மார்ச் 20

வாராவாரம் கொஞ்சம் மணல் கூட்டுகிறேன். உடம்பு பழகப் பழகச் சுமை ஏற வேண்டும், இல்லையென்றால் அது அங்கேயே நின்றுவிடும். மூட்டை மனைவியின் எடையில் முக்கால்வாசி வந்தாயிற்று. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 3

போன வாரம் தூக்கியதை இன்று தூக்க முடியவில்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். தூக்கம்? எல்லாவற்றுக்கும் "ஆச்சும்மா, ஆச்சும்மா" என்கிறார். பிடிகொடுக்கிற ஆளில்லை.

ஏப்ரல் 10

வாரத்தில் இன்னொரு நாளும் வரச் சொல்லிவிட்டேன். பயிற்சி போதவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 17

இன்று மூட்டையைத் தொடும் முன்பே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

"வீட்ல இப்போ அம்மாவை யார் தூக்குறாங்க?"

"நான்தான். வேற யாரு?"

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"கக்கூஸுக்கு, குளிக்க, சாப்பிட, ராத்திரி புரட்டிப் போட... அதையெல்லாம் யாரும்மா எண்ணிட்டு இருப்பா. அவளும் நல்ல காலை ஊனிக் கொடுப்பா. எப்படியோ ஓடுது."

இங்கே தூக்குவதை மட்டும் கணக்கில் வைத்திருக்கிறேன். கிலோ கிலோவாக ஏற்றியிருக்கிறேன். தூக்கும்போது உடம்பு தேய்கிறது, ஓய்வில்தான் தேய்ந்ததைக் கட்டிக்கொண்டு பலமாகிறது. வருகிறவர்கள் எல்லோரிடமும் நான் ஓதுகிற முதல் பாடம் இது. இந்த மனிதருக்கு ஓய்வு என்று ஒன்று இருந்ததே இல்லை. இதில் கூடுதலாக ஒரு நாள் வேறு.

"ரெண்டு வாரம் எதையும் தூக்காதீங்க" என்றேன்.

"அவளை?"

தூக்காதீர்கள் என்றால் மகள் கூட்டிப்போய்விடுவாள். தூக்குங்கள் என்றால் இவர் இடுப்பு போய்விடும். நான் என்னதான் செய்வது?

ஏப்ரல் 18

மூட்டையை ஓரங்கட்டிவிட்டேன்; சும்மா கைகால் நீட்டி மடக்க மட்டும் வந்தால் போதும் என்றேன். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே போட்டு ஆளை நகர்த்துகிற சறுக்குப் பலகை வாங்கச் சொன்னேன். வாங்கிப் பார்த்தாயிற்றாம், அவள் பாதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறாளாம். ஆள் வைத்தும் பார்த்தாயிற்றாம். வேறு கை பட்டால் அழுகிறாளாம். எனக்குத் தோன்றியதெல்லாம் அவருக்கு முன்பே தோன்றியிருக்கிறது.

ஏப்ரல் 24

வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 26

அவரே கூப்பிட்டார். குளியலறை வாசலில், மனைவி கையில் இருக்கும்போதே இடுப்பு பிடித்துக்கொண்டதாம். அணைத்தபடியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை அப்படியே.

"அவளுக்கு ஒரு கீறல் இல்லை, கோச்சம்மா. நான் விடலை."

மகள் நேற்று வந்து அம்மாவைக் கூட்டிப்போய்விட்டாள்.

ஏப்ரல் 27

வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை. போனேன்.

மே 22

வந்தார். டாக்டர் லேசாக ஆரம்பிக்கலாம் என்றாராம். எதற்கு ஆரம்பிக்கிறோம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கால்வாசி மணலில் தொடங்கினோம்.

ஜூன் 26

முகம் தெளிந்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிருக்கிறது. இன்று அவரே முழு எடை கேட்டார். அவர் மனைவியின் எடை. தயங்கித்தான் கொடுத்தேன். அலுங்காமல் தூக்கினார். திரும்பினார். நாற்காலியில் இறக்கி, ஓரத்தில் தட்டிச் சரிசெய்தார். மூச்சுகூட வாங்கவில்லை.

"அப்போ வராதது இப்போ எப்படிம்மா வருது?"

எனக்குத் தெரியும். வீட்டில் தூக்க ஆள் இல்லாமல் கிடைத்த ஓய்வுதான். "பயிற்சிதான்" என்று பொய் சொன்னேன்.

மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயிற்சியை விட்டா இந்தப் பலம் போயிடுமா?"

"போயிடும், ஐயா. கொஞ்சம் கொஞ்சமா."

"அப்போ செவ்வாய்க்கிழமை வந்துடுறேன்" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.