ஓரியூர்கிழாரை வணங்கிய அறுபது யானைகள்

திரு ஓங்குக, மழை பிழையாதிருக்க! செங்குவளை நாடாளும் அடலேறு வேந்தரின் ஆணை தாங்கி, வடவெல்லைக் கோட்டைத் தளபதி மழவனாருக்கும் அவர்தம் மதிலுக்கும் மறவருக்கும் நலம் விரும்பி இவ்வோலை விடுப்பவர், யானைப்படை நடத்தி ஓய்ந்து, கருப்பட்டி கடித்துப் பொழுது போக்கும் ஓரியூர்கிழார் எயினனார்.

சென்ற யானைக்காட்சியில் நாட்டின் அறுபது போர்யானைகளும் மன்னரை ஏறிட்டும் பாராமல், எயினனார் முன் இடக்கால் மடக்கி வணங்கிச் சென்றன! முதல் யானை வணங்கியபோது அவருக்குப் பெருமை. மூன்றாவது வணங்கியபோது ஐயம். பத்தாவது வணங்கியபோது மடியிலிருந்த கருப்பட்டி தீர்ந்தது. அறுபதும் தம்மை வணங்கின என்று அன்றே சொன்னார், அரசவை சிரித்தது. அரசாணை எழுதும் ஓலைநாயகம் கண்ணந்தையாரோ, "ஓய் எயினரே, வேலையிலிருந்து ஓய்ந்தீர் சரி, பொய்யிலிருந்து எப்போது ஓய்வீர்?" என்றார்.

இப்போது தாங்கள் எல்லைக்கு யானை கேட்டீர்கள். யானை கட்டும் பந்தியின் தலைவன் வங்கன், கொண்டல் என்னும் ஒன்று நீங்க மற்றவையெல்லாம் மாண்டனவென்றும், பாகன் கோடன் நஞ்சிட்டானென்றும் மார்பில் அறைந்து அழுதான். அதை நம்பிக் கோடனைத் தங்கள் சிறைக்கு அனுப்பினர். வரும் பௌர்ணமியில் அவன் கை வெட்டப்பட வேண்டும் என்பது தீர்ப்பு. "சாமி, கொல்றதுக்காவது யானை வேணுமே! ஒத்தை யானையைக் கோட்டையைச் சுத்தி ஓட்டுடான்னாரு தலைவரு, ஓட்டினேன், ஒவ்வொரு சுத்துக்கும் முகபடாம் மாத்தினாரு" என்று அவன் கதறியதை யாரும் செவிமடுக்கவில்லை.

எயினனார் பந்திக்குச் சென்று மோந்து பார்த்தார். அறுபது யானை நின்ற இடமாம். ஆட்டுக்குட்டியும் நாணும் அளவே சாணம்! அறுபதுக்கும் கணக்கெழுதிய நெல்லும் கரும்பும் போன இடம் வங்கன் வயிற்றிலும் அவன் மைத்துனர்தம் வயிற்றிலும் மேடு தட்டிக் கிடந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர். பிறவாத யானைக்கும் பொன் கறந்த புழு இவன் ஒருவனே.

கொண்டலைக் குட்டியிலிருந்து கருப்பட்டி ஊட்டி வளர்த்தவர் எயினனார். அவரைக் கண்டால் கால் மடக்காமல் அது நகராது. ஆகவே, அறுபதும் கொண்டலே என்று அவர் முறையிட, மன்னர், நம்பாதவரே நின்று எண்ணுக என்று பணித்து, அவ்வொற்றை யானையைக் கோட்டை சுற்றச் செய்தார். வெயிலில் கண்ணந்தையார் எண்ணினார். பாதியில் தலைப்பாகையை அவிழ்த்தார். பிறகு தரையிலேயே அமர்ந்தார். சுற்றுத்தோறும் கொண்டல் கால் மடக்கியது. வங்கன் முகம் வெந்த கத்தரிக்காயாயிற்று.

ஆதலால் இவ்வோலை கண்ட கணமே கோடனின் தளை நீக்கி, கைகள் இரண்டும் குறையாமல் கொண்டலிடம் அனுப்புக. பின்னே வரும் வங்கனை அதே சிறையில் வைத்து, அவன் தன் கணக்கில் எழுதாத புல்லை மட்டும் இடுக. குவளை முத்திரை பதிந்தது, ஆணை தப்பாதிருக்க.

இதன் கீழ், ஓலைநாயகம் கண்ணந்தை தன் கையால் எழுதியது: அறுபதும் வணங்கியது மெய். கடைசிச் சுற்றில் கொண்டல் என்னையும் வணங்கியது. அப்போது கருப்பட்டி என் கையில் இருந்தது. இப்படி அறிவேன்.