கழுதைக்கும் சேர்த்து ஓர் ஆசீர்வாதம்

கானமாரா,
ஏப்ரல் மாதம், ஞாயிறு.

அன்புள்ள பார்ட்லிக்கு,

கடவுளும் மரியாளும் உங்களோடு இருக்கட்டும். நானும் பிள்ளைகளும் சுகம். நான் ஸ்காட்லாந்துக்குப் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அங்கிருந்து வந்த பீட்டரிடம் விசாரித்தேன். நன்றாகத்தான் இருக்கிறீர்கள், நன்றாகத்தான் சாப்பிடுகிறீர்களாம். அப்படியானால் கோபம்தான். பக்கத்து நிலத்து ஃபெஸ்டியோடு நான் பேசுவதாக யாரோ உங்களிடம் வத்தி வைத்திருக்கிறார்கள்.

நான் பேசவில்லை. அவர் உருளைக்கிழங்குக்குப் பாத்தி கட்டும்போது, நீங்கள் எழுப்பிய கற்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, "கடவுள் உங்க வேலையை ஆசீர்வதிக்கட்டும்" என்று மட்டும் சொல்வேன். அதைச் சொல்லாமல் கடந்துபோனால் அவர் பயிருக்குக் கேடு நினைத்ததாகிவிடாதா? நடைபாதைக்காக நீங்கள் இருவரும் போடும் சண்டைக்காக நான் அந்தப் பாவத்தைச் சுமக்க முடியாது. கேட்டவர் பதில் ஆசி சொல்லாமல் இருப்பதும் பாவம்தான். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் தன் கழுதையிடம், "காத்து பலமா அடிக்குது, ஒண்ணுமே காதுல விழலை" என்றார். மறுநாள் நான் கழுதைக்கும் சேர்த்து ஆசீர்வாதம் சொன்னேன்.

போன செவ்வாய்க்கிழமை நம் வெள்ளை முதுகுக்காரிக்கு வலி கண்டது. கன்று தலை திரும்பிக் கிடந்தது. தோள்வரை கையை விட்டும் எனக்கு எட்டவில்லை. இருப்பது ஒரு மாடு. அதுவும் போனால் பிள்ளைகளுக்குப் பால் ஏது? கன்றைத் திருப்பத் தெரிந்தவர் இந்தக் கரையில் ஃபெஸ்டி ஒருவர்தான்.

அவரிடம் கெஞ்சக் கூடாது என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனது நினைவிருந்தது. கெஞ்சவில்லை. சுவரருகே போய் வழக்கமான ஆசீர்வாதத்தைத்தான் சொன்னேன். அவர் நிமிர்ந்து, ரத்தம் தோய்ந்த என் கையைப் பார்த்தார்.

"அந்த ஆசீர்வாதம் உனக்கும் சேரட்டும்மா. மாடு எங்க நிக்குது?"

மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சுவர் ஏறிக் குதித்தார். மேல்வரிசைக் கற்கள் சரிந்தன. கிடேரிக் கன்று, பார்ட்லி. தாயும் பிழைத்தது. அவருடைய கை வழியாக வந்தது கடவுளின் அருள் இல்லையென்றால் வேறென்ன? தேநீர் குடித்துவிட்டுப் போனார். உங்களைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

விழுந்த கற்களை நான் எடுத்து வைக்கவில்லை. நேற்று இன்னும் கொஞ்சம் கற்களை நானே பிரித்துப் போட்டேன். இப்போது அவர் கழுதை வயல் உரத்துக்குக் கடற்பாசி சுமந்துகொண்டு அந்த வழியாகத்தான் வருகிறது. அது அவர் தாத்தா காலத்திலிருந்து அவர்கள் நடந்த வழி. உங்களுக்கும் அது தெரியும். என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படுங்கள். நான் இருக்கும்வரை அந்தச் சுவர் மறுபடி எழும்பாது.

கோடையில் வரும்போது சுவரில் நான் திறந்துவிட்ட அந்த இடைவெளி வழியாகவே வாருங்கள். அவர் வயலில்தான் இருப்பார். முதல் ஆசீர்வாதத்தை நீங்கள் சொல்லுங்கள். சின்னவள் தினமும் உங்கள் நாற்காலியைத் துடைத்து வைக்கிறாள். அவள் ஏமாந்து போவதை என்னால் பார்க்க முடியாது.

அங்கே நீங்கள் செய்யும் வேலையைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும்.

சொல்லிவிட்டேன். இனி பதில் சொல்லாமல் இருந்தால் பாவம் உங்களுக்குத்தான்.

உங்கள்,
டீலியா