குழிக்குப் போன வெள்ளரி ஊறுகாய்

சனிக்கிழமை, ஆவணி 13

ஒரு ஜாடி ஊறுகாயை அப்படியே குழியில் கொட்டி மூடியாயிற்று. மொட்டைமாடித் தொட்டிகளில் நானே வளர்த்த வெள்ளரிப்பிஞ்சு. உப்பிலும் எலுமிச்சைச் சாற்றிலும் மூன்று நாளாக ஊறியது. ஐந்து மாதமாக முழுகாமல் இருக்கும் மகள் மதுரையிலிருந்து ஆசையாகக் கேட்டாள் என்று போட்டேன்.

ஏலக்காய்த் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கும் என் வீட்டுக்காரர், இன்று குரங்கணி மலையிலிருந்து இறங்கி வந்ததும் ஜாடியைப் பார்த்துப் பூரித்துப்போனார். "போன வாரம் தோட்டத்துல மிஞ்சுன மருந்தைக் கொண்டாந்து கொடிக்கு அடிச்சுவிட்டேன். ஒரு பூச்சி இல்ல, பாத்தியா?"

நல்லது செய்ததாகவே நினைத்திருக்கிறார். அதுதான் இன்னும் ஆத்திரம்.

"கழுவித்தான போட்ட? ஒண்ணும் ஆகாது" என்றார்.

ஒரு பிஞ்சை எடுத்து நீட்டினேன். "அப்ப மொதல்ல நீங்க தின்னுங்க."

முப்பது வருஷம் மருந்தடித்த மனிதர். கை நீளவில்லை. எழுந்துபோய் மண்வெட்டியை எடுத்தார். குழி அவர்தான் வெட்டினார்.

கொடிகளையும் பிடுங்கிப் போட்டேன். தொட்டிகளில் புது மண் நிரப்பி, பொழுது சாய்வதற்குள் விதை ஊன்றிவிட்டேன். மருந்து டப்பா இனி இந்த வாசல்படி ஏறாது. சொல்லியாயிற்று.

சாப்பிட்டு முடித்த நேரம் மகள் போன் செய்தாள். "ஊறுகா ஊறிருச்சாம்மா?"

"வெதையே இன்னைக்குத்தான் ஊனிருக்கேன் ஆத்தா. ஏழாம் மாசம் திங்கலாம், பொறு."